கழற்றிய மெமரி

குளச்சல் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் வெள்ளைத் துணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனாலும் தூங்கும் மகளை மடியில் வைத்துக்கொண்டு வேறு எங்கே போவது?

“நீ போட்ட மெமரிய காலையில கழட்டிட்டேன்லே.”

“ஏன்க்கா? மெசின ஓட்டுற அந்தப் பழைய டாஸ் கம்ப்யூட்டர் வேகமா ஓடட்டும்னுதானே போட்டேன்?”

“போட்ட பொறவுதான் எம்பிராய்டரி மெசின் நின்னு நின்னு தைக்குது. மதர்போர்டுக்க பழைய புஸ்தகத்தப் பாத்தேன். அறுபத்துநாலு எம்பி வரைக்கும்தான் கேஷுங்குற வேக மெமரிக்கு கை எட்டுமாம். நீ நூத்தி இருபத்தெட்டு ஆக்கி வச்சிருக்க. எட்டாதத மெதுவாத்தான் எடுக்கும், கேட்டியா?”

“பேசாம புதுசு வாங்கு.”

“புதுசுல நம்ம டிசைன் புரோகிராம் ஓடாதுலே. ஞாயித்துக்கிழம பன்னிரண்டு பிள்ளையளுக்கு சர்ச்சுல மொத நற்கருணை, புதுநன்மை. நேத்து வர ஒரு உடுப்புலகூட பூ முடியல்ல. இத ஓட வைக்காம நான் விடமாட்டேன்.”

அவள் தன் தையல் கடைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் தையல் மெசினின் சத்தம் விடாமல் கேட்டது.

“மேரி, இப்பவும் நின்னு நின்னு தைக்குதா?”

“இல்லக்கா. ஒரே ஓட்டம். மூணாவது உடுப்பு ஏத்தியாச்சு.”

அக்கா கைப்பையிலிருந்து மெமரி அட்டையை எடுத்துத் தம்பியின் சட்டைப்பையில் செருகினாள்.

“இந்தா, உனக்கு வேணும்னா தலையில வச்சுக்கோ.”

தம்பி அட்டையைச் சட்டைப்பைக்குள் நன்றாகத் தள்ளிவிட்டான்.

“இந்த வேகத்துல தச்சா வெள்ள நூலு பத்தாதேக்கா.”

“அப்போ எந்திரிலே. திங்கள்சந்தையில இறங்கி நூலு வாங்குவோம்.”