ரெஜினா அக்கா வீட்டில் ஸ்டவ் இல்லை

ஓடுகிறேன். இடுப்பில் தம்பி. காலில் செருப்பு இல்லை. பின்னால் பாட்டில் உடைகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. மூன்றாவது எங்கள் வரிசையிலேயே விழுகிறது. பெட்ரோல் நாற்றம். உடனே ஓலை சடசடவென்று பற்றுகிறது.

"நெருப்பு வெச்சிட்டானுங்க! புள்ளைங்கள இட்டுக்கினு ஓடுங்க!"

தொண்ணூறுகளின் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்றேகால். எனக்குப் பதினொரு வயது. சாந்தோமுக்குத் தெற்கே, கடலை ஒட்டி எங்கள் குப்பம். வந்தவர்கள் பக்கத்துக் குப்பத்து ஆண்கள். எங்கள் ஆட்கள் கடலில் அவர்கள் வலையை அறுத்துவிட்டார்களாம். அறுத்தார்கள்தான். அதற்குப் பிள்ளைகள் தூங்குகிற வீட்டைக் கொளுத்துவதா? என்ன ஆம்பிளைகள் இவர்கள்?

மணலுக்கு வந்து திரும்பிப் பார்க்கிறேன். ரெஜினா அக்கா வெளியே நிற்கிறாள். முடி கலைந்திருக்கிறது. வேறொன்றும் ஆகவில்லை. தப்பித்துவிட்டாள்.

ரெஜினா அக்கா எங்கள் பக்கத்து வீடு. பத்தொன்பது வயது. அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். மயிலாப்பூர்த் தெருக்களில் கூடை தூக்கி மீன் விற்றார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஓலைத் தடுப்பு. காலையில் அதைத் தட்டி, "இன்னாடி மகாராணி, இன்னும் எழுந்துக்கலையா?" என்பாள். எனக்குப் பேன் பார்ப்பாள். அசைந்தால் நறுக்கென்று குட்டுவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அவள் அப்படித் தப்பித்து நின்றபோதுதான் என் அப்பா கத்தினார். கரையில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டே கத்தினார்.

"வலை! வலை உள்ள கீது! யாருனா வலைய எடுங்க!"

எங்கள் குப்பத்தில் தீப்பிடித்தால் முதலில் பிள்ளைகள். அடுத்தது வலை. பானை, துணி, ரேஷன் கார்டு எல்லாம் அப்புறம். கிட்டே நிற்பவர் யாரானாலும் யார் வலையானாலும் இழுத்துப் போடவேண்டும். அதுதான் வழக்கம். எங்கள் வீட்டுக்குக் கிட்டே நின்றவள் அவள். உள்ளே ஓடினாள்.

நைலான் வலை. நூல் மாதிரி எரிந்து சாம்பலாகாது. உருகும். உருகி ஒட்டும். தோளில் போட்டு இழுத்து வந்தாள். பாதி வலை பிழைத்தது. மீதி அவள் கழுத்திலும் தோளிலும் கையிலும் ஒட்டியிருந்தது. யாரோ பிய்க்கப் போனார்கள். அவள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

மீன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் உயிரோடு இருந்தாள்.

அந்த ஒன்பது நாளுக்குள் இரண்டு குப்பத்துப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து சமாதானம் பேசிவிட்டார்கள். அறுத்த வலைக்கு எரித்த வீடு சரியாகப் போச்சாம். கேஸ் ஆனால் இரண்டு பக்கமும் ஆள் உள்ளே போகுமாம். அதனால் விசாரிக்க வந்த போலீஸிடம் ஒரே கதையைச் சொன்னார்கள். சொன்னது என் அப்பா.

"ரெஜினா வூட்டு ஸ்டவ் வெடிச்சி, அதுல பத்திக்கிச்சி சார்."

அவள் வீட்டில் ஏது ஸ்டவ்? விறகு அடுப்பு. அன்றைக்கு அதையும் மூட்டவில்லை. மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். நெத்திலிக் குழம்பு. பரிமாறியது என் அம்மா. அதே அம்மா, அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

"நைனா பொய் சொல்லுது! அவங்க வூட்ல ஸ்டவ்வே இல்ல!"

அப்பா என் வாயிலேயே அடித்தார். போலீஸ்காரர் நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்தார். ரெஜினா அக்காவின் அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். அந்தப் பொம்பளைக்குப் படிக்கத் தெரியாது. மகள் பிழைக்க ஆஸ்பத்திரியில் கேட்கிற கைநாட்டு என்று நினைத்தாள்.

பிழைத்த பாதி வலையை வேறொன்றோடு சேர்த்துப் பின்னி அப்பா கடலுக்குப் போனார். அந்த மீனை நான் தொடவில்லை என்று சொல்ல ஆசைதான். தின்றேன்.

இன்றைக்கும் எங்கள் குப்பத்தில் அதை "ரெஜினா தீ" என்கிறார்கள். அவள் வைத்த மாதிரி. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றி எரிகிறது. அவர்கள் எழுதிவைத்த கணக்கு எனக்கு வேண்டாம். இது நான் பார்த்த கணக்கு.

வீடு முப்பத்தொன்று. கட்டுமரம் நான்கு. வலை பன்னிரண்டரை; அந்த அரை எங்களுடையது. ஆள் ஒன்று. பெயர் ரெஜினா. மீன்காரி. தீயை அவள் வைக்கவில்லை. எங்கள் வலையை எடுக்கப் போய்ச் செத்தாள்.