ஐஸ்லாந்தில் பிழைத்த அன்சர்

தலைமை ஏற்றிருக்கும் தோழர் ராஜாங்கம் அவர்களே, அன்சரின் துணைவியார் தாஹிரா அவர்களே, சங்கத் தோழர்களே, இங்கே யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துவர ஆலை அனுப்பியிருக்கும் ஐயாக்களே! உங்கள் எல்லோருக்கும் களத்தில் மாவு காயவைக்கும் அம்சவள்ளியின் வணக்கம்.

பதினாறு நாளைக்கு முன்னால் நம் ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர்த் தொட்டிக்குள் நம் சங்கப் பொருளாளர், ஃபிட்டர் அன்சர் செத்துப்போனார். வயது முப்பத்தெட்டு. நிர்வாகம் காவல் நிலையத்தில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது தெரியுமா? 'தொழிலாளியின் அஜாக்கிரதை'யாம்! யார்? அன்சரா அஜாக்கிரதை?

கள்ளக்குறிச்சியில் குடைக்கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷாவின் மகன் அவர். ஐஸ்லாந்து என்னும் வடகடல் தீவில், மீன் ஆலையில் ஆறு வருடம் உழைத்தவர். அப்பா படுக்கையில் விழுந்ததால் திரும்பி வந்தார். சாப்பாட்டு வேளையில் அந்த ஊரைப் பற்றிச் சொல்வார்.

"நடுவுல பூரா எரிமலையும் பனியும்தான்க்கா. ஜனங்க கடலோரமா இருக்காங்க. மொத்த ஜனத்தையும் சேத்தாலும் நம்ம மாவட்டத்து ஜனத்துல மூணுல ஒரு பங்குகூட தேறாது. பூமிக்கடியில வர்ற சுடுதண்ணிய குழாயில வுட்டு வூட்ட சூடு பண்ணிக்கினு இருக்காங்க. கடல்தான் அவுங்களுக்குக் கழனி. மீனு, அலுமினிய ஆலை, சுத்திப் பாக்க வர்ற கூட்டம், அவ்ளோதான் பொழப்பு. ரயிலே கெடயாது!"

"ரயில் இல்லாத ஊரு இன்னா ஊரு?" என்பார் சின்னசேலம் ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கும் வீரமுத்து. எல்லோரும் சிரிப்போம்.

ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அன்சர் சிரிக்கமாட்டார். வேலைக்குச் சேர்ந்த மறுநாள், சிக்கிய மீனை எடுக்க ஓடும் இயந்திரத்துக்குள் கையை விட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற பெண் சட்டென்று மொத்த இயந்திர வரிசையையும் நிறுத்திவிட்டார். மேலாளர் ஓடி வந்தார். அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. "இங்கே ஏன் மூடி போடவில்லை?" என்று தன் ஆட்களைத்தான் கேட்டாராம். அந்த மேலாளரைப் பேர் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிடுவார்களாம். பத்துப் பேரில் ஒன்பது பேர் சங்கத்தில் இருக்கும் நாடு தோழர்களே அது!

அதைப் பார்த்துவிட்டு வந்தவர் இங்கே சும்மா இருப்பாரா? தொட்டியில் விஷவாயு இருக்கிறது, முகமூடி வேண்டும், வாயு பார்க்கும் கருவி வேண்டும் என்று நாற்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கி மூன்று முறை மனு கொடுத்தார். நம் ஆலை மேலாளர் சொன்ன பதில் என்ன?

"இது இன்னா ஐஸ்லாந்தாய்யா?"

கேட்கிறேன்! ஐஸ்லாந்துக்காரனுக்கு மட்டும்தான் நுரையீரல் இருக்கிறதா?

வெள்ளிமலை மரவள்ளிக் கிழங்கு லாரி லாரியாக வந்து இறங்கிய காலை அது. தொட்டியின் பம்ப் அடைத்துக்கொண்டது. வீரமுத்து இறங்கினார். இறங்கியவர் சத்தமில்லாமல் சாய்ந்தார். அன்சர் ஓடி வந்து, "யாரும் எறங்காதீங்க!" என்று கத்தினார். தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்தார். உள்ளே பார்த்தார். "வண்டி வர்றதுக்குள்ள ஆளு போயிடுவாருக்கா" என்றார். ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கினார். வீரமுத்துவின் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். நாங்கள் இழுத்தோம், உயிரோடு வந்தார். கயிற்றை மறுபடி விட்டோம். பிடிக்க உள்ளே கை இல்லை.

இதற்குப் பேர் அஜாக்கிரதையா?

இப்போது என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். காவல் நிலையத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் களத்துல மாவு காயவெச்சிக்கினு இருந்தேங்க, ஒண்ணும் பாக்கலீங்க" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம்.

தாஹிராம்மா, கேளுங்கள். நான் பார்த்தேன். வீரமுத்து மாட்டேன் என்றார். மேற்பார்வையாளர்தான், "அஞ்சு நிமிஷ வேலைக்கு இன்னாடா பயம்? எறங்கு, இல்லனா வூட்டுக்குப் போ" என்று விரட்டினார். அம்சவள்ளியாகிய நான் இதை என் இரண்டு காதாலும் கேட்டேன். உங்கள் புருஷன்மேல் பழியைப் போட்டதில் என் மௌனத்துக்கும் பங்கு உண்டு. மன்னிக்கச் சொல்லமாட்டேன்.

முகமூடியும் கருவியும் வரும்வரை அந்தத் தொட்டியில் ஒருவரும் இறங்கமாட்டோம். அன்சர் கொடுத்த மனுவை நான்காவது முறையாக நாம் கொடுப்போம். நாளைக் காலை காவல் நிலையத்துக்குப் போய், முன்பு சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். வேலை போனால் போகட்டும்.

வீரமுத்து அண்ணே, ஏன் எழுந்துட்டீங்க? உடம்பு இன்னும் தேறலியே, உட்காருங்க.

என்ன... நீங்களும் வர்றீங்களா?

வாங்கண்ணே. சேர்ந்தே போவோம்.