ஒன்பது அங்குலம்

காபி நன்றாக இருக்கிறது, ஷெரிஃப் ஐயா. எங்கள் அலுவலகத்தில் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். சர்க்கரை வேண்டாம், நன்றி.

நான் யாருக்கும் கெடுதல் நினைப்பவன் அல்ல. மினசோட்டாவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். கர்ட் லிண்ட்குவிஸ்டும் நானும் காலை உணவு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. இருவரும் பாஸ்டனில் உள்ள ஒரே மேலாண்மைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தோம். மார்ச் மாதம் அவனுக்கு இடம் கிடைத்தது. என்னைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் குடித்துவிட்டு மறந்திருப்பேன். காத்திருக்கச் சொல்வது அப்படியல்ல. பந்தி நடக்கும்போது வாசலிலேயே நிற்கவைப்பது மாதிரி. வாசனை மட்டும் வந்துகொண்டிருக்கும்.

கர்ட் கல்லூரித் தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தான். "விடுடா ஆர்வின், நாலு பேர் கழண்டுக்குவாங்க, நீயும் உள்ள வந்துடுவ" என்று முதுகில் தட்டினான். நல்லவன். எனக்கு வயிறு எரிந்ததே அதனால்தான்.

கல்லூரிக்கு ஃபோன் செய்தேன். பட்டியலில் வரிசை எண் எல்லாம் கிடையாது என்றாள் அங்கிருந்த அம்மாள். எந்த மாதிரி ஆள் விலகுகிறாரோ அந்த மாதிரி ஆளைத்தான் எடுப்பார்களாம். முப்பது வயது, மினசோட்டா, காலை உணவு விற்பனை. அந்த மாதிரி உள்ளே ஒருவன்தான் இருந்தான்.

சாமம், தானம், பேதம் எல்லாம் பார்த்துவிட்டேன். பாஸ்டன் வாடகையைச் சொல்லிப் பயமுறுத்தினேன். வேறு கல்லூரியைப் புகழ்ந்தேன். தூரத்துக் காதல் நிலைக்காது என்று அவன் காதலியிடம் சொன்னேன். அவள் கூடவே கிளம்ப முடிவு செய்துவிட்டாள். என்னால் ஆனதைச் செய்தேன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை, உறைந்துகிடந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போனோம். முன்னால் போய்ப் பனிக்கட்டியில் துளை போட்டு அளந்தவன் நான். கரையோரத்திலேயே மூன்று அங்குலம்தான். நடுவில் இன்னும் மெலிசாக இருக்கும். ஓர் ஆளைத் தாங்க நாலு அங்குலமாவது வேண்டும், உங்களுக்குத் தெரியாததா.

"எவ்ளோடா இருக்கு?" என்றான் கர்ட்.

"ஒன்பது அங்குலம். தாராளமா போ."

ஒருவன் அளந்து சொன்னதை இன்னொருவன் மறுபடி அளப்பது நம் ஊரில் மரியாதை இல்லை. கர்ட் மரியாதை தெரிந்தவன். நேராக நடுவுக்கு நடந்தான். நான் கரையில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். பனிக்கட்டி உடைந்ததும் இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஃபோன் காரில் இருந்தது. வழுக்கும் தரையில் ஓடக்கூடாது என்பதால் காருக்கு நடந்தே போனேன்.

சவ அடக்கம் முடிந்து ஒரு வாரம் பொறுத்து, இடம் காலியாகியிருப்பதைக் கல்லூரிக்கு எழுதினேன். அவன் நினைவாக அந்த நாற்காலியை இரண்டு வருடமும் காலியாகவே வைக்கப்போகிறார்களாம். மேலாண்மை சொல்லிக்கொடுக்கிற இடம், ஐயா.

நானாக வந்து ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். அடுத்த வருட விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. செய்த தவறுக்கு நீங்களாகவே பொறுப்பேற்ற சந்தர்ப்பம் ஒன்றை எழுதச் சொல்கிறார்கள். போன தடவை என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. கர்ட்டைக் கொன்றது நான்தான்.

நம்மை நன்றாகத் தெரிந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். கர்ட் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தான். அவன் இல்லாததால்தான் உங்களைக் கேட்கிறேன்.