தலிசாயானில் எல்லாரும் ஐந்து போட்ட நாள்

இல்லை, பேராசிரியை டாக்டர் அம்மா, நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்கு முதுகலை மாணவர்கள் முன்னால் என்ன வேலை என்று கேட்டீர்களாம். ட்ரைசிக்கிளில் ஆள் ஏற்றி ஓட்டுகிறவன் ஆராய்ச்சி முறைகளைப் பற்றிப் பேசினால் கல்லூரியின் மானம் என்ன ஆகும் என்றும் கேட்டீர்களாம். கேட்டுவிட்டு நேற்றே மணிலாவுக்கு விமானம் ஏறிவிட்டீர்கள். பரவாயில்லை. எதிரில் இல்லாதவரோடு சண்டை போடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில்தான் நான் இதுவரை தோற்றதே இல்லை.

தலைமை நாற்காலியில் நிறைந்தும் இரு பக்கமும் கொஞ்சம் வழிந்தும் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே! முன்வரிசையில் விசிறியும் வியர்வையுமாக வீற்றிருக்கும் மூத்த ஆசிரியப் பெருமக்களே! சனிக்கிழமைச் சமையலையும் சலவையையும் கணவன்மார் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வாரமெல்லாம் பிள்ளைகளை அதட்டிவிட்டு, வாரக் கடைசியில் தாங்களே பிள்ளைகளாகிப் பெஞ்சில் தூங்கும் முதுகலைச் செல்வங்களே! அனைவருக்கும் இந்தச் செலஸ்தினோ கும்பானின் வணக்கம். நோங் தினோ, அதாவது தினோ அண்ணன், என்றால் இந்தக் கடற்கரை முழுக்கத் தெரியும்.

எனக்கு என்ன தகுதி? சொல்கிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் உங்களில் ஆயிரம் பேர். ஆராய்ச்சி செய்யப்பட்டவன் ஒருவன் வேண்டாமா? பதினான்கு ஆய்வுகளில் நான் பதில் சொல்லியிருக்கிறேன். என் வாழ்க்கை உங்கள் நூலகத்தில் பதினான்கு அட்டைகளுக்குள் இருக்கிறது. என் மனைவிக்குக்கூட அவ்வளவு தெரியாது. ஒரு தம்பி வந்து, பத்துக்கு எத்தனை சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டான். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். அதற்குத் தாளில் இடம் இல்லை என்றான். ஏழு என்று போட்டுக்கொண்டான். அந்த ஏழு அவனுடையது, என்னுடையது அல்ல.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிமேல் சொல்லப்போவதற்குச் சிரிப்பு வராது.

மூன்றாவது வரிசையில், மடியில் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாளே, கிளெண்டா பபாலினாஸ். நகரப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளை இந்தக் கல்லூரிக்குக் கொடுத்தவள். வீட்டில் பிள்ளைகளின் வாசிப்பு எப்படி இருக்கிறது என்று எங்கள் தலிசாயான் கிராமத்தில் நாற்பது தாய்மாரைக் கேட்டவள். அந்த ஆய்வை வருகிற செவ்வாய்க்கிழமை நடுவர்கள் முன்னால் வைத்து வாதாட வேண்டும். இன்று பகல் பன்னிரண்டுக்குள் மூன்று பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் அந்தக் கட்டு.

இந்தாய், என் தங்கச்சி, தலையைக் குனியாதே. குனிய வேண்டியவன் இங்கே மேலே நிற்கிறான். இதை உன் வீட்டில் வந்து சொல்லத்தான் இரண்டு தடவை புறப்பட்டேன். முதல் தடவை காப்பி கொடுத்தாய். இரண்டாம் தடவை ஓலையில் சுற்றி வேகவைத்த இபோஸ் கொடுத்தாய், அதுவும் சூடாக. வாய் நிறைய இனிப்பும் அரிசியும் இருக்கும்போது ஒருவன் கெட்ட செய்தி சொல்ல முடியுமா? முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம். முந்நூறு பேர் இருந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் முதல்வரிடம் கெஞ்சி இந்த மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். மழை பெய்து முடிந்த காலை. கடைசி ஒரு கிலோமீட்டர் என் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. டீச்சர் இறங்கினாள், நடந்தாள். செருப்பு வார் அறுந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் பான்சித் தட்டு. நாற்பது பேருக்கும் நூடுல்ஸ் சமைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்துக்குள் வந்து நின்றாள். நாற்பது தாய்மாரும் முதலில் தட்டைப் பார்க்கவில்லை, தாளைப் பார்க்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்தார்கள்.

ஊர்த் தலைவர் விட்டாரா? வந்த விருந்தாளி தன் வீட்டு மேசையில் உட்காராமல் போனால் அவருக்குத் தூக்கம் வராது. கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். டீச்சர் திரும்பிப் பார்த்து, "நோங், ஒருக்கா எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க, நான் இப்ப வந்துடறேன்" என்றாள். தலைவர் வீட்டில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. ‘இப்ப’ என்பது ஒரு மணி நேரம் ஆனது.

படித்தேன். ‘என் பிள்ளை தன் வகுப்புக்கு ஏற்றபடி வாசிக்கிறது.’ ஒன்று என்றால் இல்லவே இல்லை. ஐந்து என்றால் முழுக்க ஆமாம். படித்து முடித்தேன். அப்போது நொராலின் கையைத் தூக்கினாள். மீன் காயவைக்கிற நொராலின். அவள் மகள் ரிசா மே ஐந்தாம் வகுப்பு.

"நோங், டீச்சருக்கு எது வேணும்?"

அவையோரே, ஆராய்ச்சி முறை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. அங்கே நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘டீச்சருக்கு உண்மை வேணும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? நான் சொன்னது இது.

"அஞ்சுதான் பெருசு. வெறுங்கால்ல வந்த புள்ளைக்கு ரெண்டு போட்டா அனுப்புவீங்க?"

போட்டார்கள். ஐந்து, ஐந்து, ஐந்து. மூன்றாவது கேள்விக்கு ஐந்து, முப்பதாவது கேள்விக்கு ஐந்து. பாசிங் என்று ஒருத்தி மட்டும் மூன்று போட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள், அடுத்தவள் தட்டிலிருந்து கறியை எடுத்ததுபோல் அவளைப் பார்த்தார்கள். அழித்து ஐந்தாக்கினாள். எழுதத் தெரியாதவர்கள் தாளை என்னிடம் நீட்டினார்கள். அவர்களுக்கும் நானே போட்டேன். நாற்பது தாளும் கால் மணி நேரத்தில் முடிந்தது. மீதி நேரத்துக்குப் பான்சித் இருந்தது.

சராசரி நாலு புள்ளி ஒன்பது இரண்டு. இந்தக் கல்லூரியில் கைதட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். குறைந்துபோன அந்தப் புள்ளி பூஜ்யம் எட்டு யாருடையது தெரியுமா? கண்ணாடி மறந்துவிட்டு வந்த இரண்டு பேருடையது.

முதல்வர் கர்ச்சீப்பை எடுக்கிறார். சார், இன்னும் வியர்க்கும், மடிக்காமலே வைத்திருங்கள்.

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இந்த வருடம் மூன்று கிராமங்களுக்கு வாசிப்பு டீச்சர் அனுப்புகிறார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுக்க. எந்த ஊருக்கு என்று முடிவு செய்ய, கையில் இருந்த ஆய்வுகளைக் கேட்டு வாங்கினார்கள். நாலு புள்ளி ஒன்பது இரண்டு வாங்கிய ஊருக்கு எதற்கு டீச்சர்? தலிசாயானைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பட்டியலை மூடுகிறார்கள். அதற்குள் அந்த ஆய்வு தப்பு என்று டீச்சரே சொன்னால்தான் ஊர் மறுபடி உள்ளே வரும்.

போன வாரம் நொராலின் என் வண்டியை மறித்தாள். சண்டைக்கு வந்தாள் என்று நினைத்தேன். மகளைத்தான் கூட்டி வந்திருந்தாள். "படிடி" என்றாள். ரிசா மே பாடப் புத்தகத்தைத் திறந்தாள். தண்ணீர் ஓடுவதுபோல் வாசித்தாள். நான் கைதட்டப் போனேன். நொராலின் என் கையைப் பிடித்தாள்.

"பக்கத்தப் பாருங்க நோங்."

பார்த்தேன். வாய் ஆமையின் கதையைச் சொல்கிறது, விரித்திருக்கும் பக்கத்தில் சூறாவளி பற்றிய பாடம். அத்தனையும் மனப்பாடம். வகுப்பில் மற்றவர்கள் சத்தமாகப் படிக்கக் கேட்டுக் கேட்டு, ஐந்து வருடம் அப்படியே ஒப்பேற்றியிருக்கிறாள். என் வண்டியில் தொங்கும் பலகையில் ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. தலிசாயான் எது, காட்டு என்றேன். அவள் பலகையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன் நொராலினிடம்.

"தெரியாமலா? நாலு வருஷமாத் தெரியும். அத்தன பேர் முன்னால என் புள்ள படிக்காதுன்னு எழுதச் சொல்றீங்களா? நீங்க அஞ்சு பெருசுன்னு சொன்னப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

என் நிம்மதிக்கு ஓர் ஐந்து, அவள் நிம்மதிக்கு ஓர் ஐந்து, ஊர் மானத்துக்கு ஓர் ஐந்து, டீச்சரின் வெறுங்காலுக்கு ஓர் ஐந்து. எல்லாருக்கும் ஐந்து கிடைத்தது. ரிசா மேவுக்கு என்ன கிடைத்தது?

செல்வங்களே, கேள்வித்தாள் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதை வகுத்தவர்கள் என்னைவிட ஆயிரம் மடங்கு படித்தவர்கள். ஆனால் நாற்பது பேரிடம் கொடுப்பதற்கு முன்னால் நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்தீர்களா? கூட்டமாக உட்காரவைத்தீர்களா, தனித்தனியாகக் கேட்டீர்களா? பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்க, எந்தத் தாய் தன் பிள்ளையைக் குறைத்து எழுதுவாள்? தாளை வாசித்துக் காட்டியவன் யார், அவன் வாய் எப்படிப்பட்டது என்று விசாரித்தீர்களா? தலைவர் வீட்டு மேசையில் நீங்கள் இருந்த அந்த ஒரு மணி நேரம் உங்கள் ஆய்வு யார் கையில் இருந்தது? தாயைக் கேட்டீர்கள், சரி. பிள்ளையைக் கேட்டீர்களா? ஒரே ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்து, ‘வாசி’ என்று சொன்னீர்களா? பிள்ளையை விட்டுவிட்டுப் பிள்ளையின் வாசிப்பை எண்ணினால், எண்ணிக்கை வரும். வாசிப்பு வராது.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அந்தக் கட்டை இன்று கொடுத்தால், செவ்வாய்க்கிழமை பட்டம் நிச்சயம். பட்டம் வந்தால் பதவி உயர்வு. கொடுக்காவிட்டால் அடுத்த பருவம், திரும்பவும் நாற்பது வீடு, திரும்பவும் சனிக்கிழமைகள். எது சரி என்று நாலாம் வகுப்புக்காரன் சொல்லக் கூடாது. இந்தாய், நான் கேட்பதெல்லாம்...

ஏன் எழுந்திருக்கிறாய்? கோபமா? கோபப்படு, நியாயம்தான். ஆனால் உட்கார்ந்து கோபப்படு. மைக் இல்லாமல் பேசினால் பின்னால் கேட்காது, நானே சொல்கிறேன். எத்தனை தாள் அவர்கள் கையாலேயே போட்டது என்று கேட்கிறாள். பத்தொன்பது. மீதி இருபத்தொன்று என் கை. இந்தக் கை.

போகிறாள். வழி விடுங்கள். யாரும் கையைப் பிடிக்காதீர்கள், நம் ஊரில் அதுதான் பெரிய தொல்லை. முதல்வர் சார், நீங்களும் எழுந்திருக்காதீர்கள், எனக்கு இன்னும் நாலு பக்கம் பேச்சு இருக்கிறது, நன்றியுரை தனி. பன்னிரண்டுக்கு இருபது நிமிடம். மேடையிலிருந்து வாசல் நன்றாகத் தெரிகிறது. இடது பக்கம் போனால் பிரதி எடுக்கும் கடை. வலது பக்கம் தலிசாயானுக்குப் போகும் ஜீப்னி வண்டி நிற்கும் இடம்.

நிற்கிறாள். பையைத் திறக்கிறாள். ஒரு புத்தகம். படம் போட்ட அட்டை, இரண்டாம் வகுப்புக் கதைப் புத்தகம். நம் நடுவர்களில் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது வரிசை, அந்த நாற்காலியில் என்ன இருக்கிறது, தூக்கிக் காட்டுங்கள். கட்டா? முழுக் கட்டுமா?

வலது பக்கம் திரும்பிவிட்டாள், அவையோரே.

மீதியை யாரிடம் பேச? உங்கள் எல்லாருக்கும் நன்றி, வணக்கம். அந்தக் கட்டை யாராவது மழையில் நனையாமல் வைத்திருங்கள், அவள் வந்து கிழிக்க வேண்டும்.