ஏச்சொழுங்கை

நாங்கள் இங்க வர முதல், எங்கட ஆக்கள் ஒருத்தரும் சிசிலி எண்ட பேரையே கேள்விப்பட முதல், இதே பட்டணத்தில, இதே பழைய சந்தைக்குப் பின்னால, இதே ஒழுங்கையில நுன்சியா எண்டு ஒரு மனிசி இருந்தாவாம். நான் கண்டனோ? இல்லை. எனக்குச் சொன்னது மீன் விக்கிற தூரியின்ர பெண்சாதி. அவவுக்கு அவவின்ர மாமி. மாமிக்கு ஆர் சொன்னதெண்டு நான் கேக்கேல்ல, நீங்களும் கேக்காதேங்கோ மச்சாள். இந்தப் படியில இருங்கோ. பூசை மணி அடிக்க இன்னும் நேரம் கிடக்கு.

தலைக்கு மேல பாருங்கோ, சுவரில ஒரு கல்லு முகம். வாயைப் பெரிசாத் திறந்தபடி. மழை பட்டு மூக்குத் தேஞ்சுபோச்சு. சுற்றுலாக்காரரைக் கூட்டிக்கொண்டு வாற வழிகாட்டி அதைக் காத்துத் தெய்வம் எண்டுறான். சொல்லட்டும். அது நுன்சியா.

அந்தக் காலத்தில பாண் சுடுற போறணை அடுப்பு வீட்டில இல்லையாம். ஒழுங்கை முழுக்க ஒரு போறணைதான், இப்ப நாங்கள் இருக்கிற இந்த வாசல்தான் அது. வீட்டில மாக்குழைச்சு, அதில தங்கட மரமுத்திரையைக் குத்தி, நுன்சியாட்டக் குடுப்பினமாம். ஒரு வீட்டுக்கு மீன் முத்திரை, ஒரு வீட்டுக்குப் பூட்டுத் திறப்பு முத்திரை. ஒழுங்கைக் கடைசி வீட்டுக் கார்மேலாவுக்குச் சேவல் முத்திரை. சுட்டெடுத்தா எந்தப் பாண் எந்த வீட்டுக்கெண்டு முத்திரை சொல்லும்.

இந்தக் கார்மேலாவும் நுன்சியாவும் கதை பேச்சு இல்லை. ஏனெண்டா, கார்மேலாவின்ர மகளின்ர கலியாணப் பாண் கருகிப்போச்சு. அவ்வளவுதான். கார்மேலா சொன்னா, "உன்ர போறணைதான் பிழை." நுன்சியா சொன்னா, "உன்ர மாத்தான் பிழை." அண்டையில இருந்து கார்மேலா தன்ர மாவைத் தலையில வைச்சுக்கொண்டு, பட்டணத்தின்ர மற்றப் பக்கத்துப் போறணைக்கு நடந்து போவாவாம். வெயிலெண்டாலும் போவா, மழையெண்டாலும் போவா. சிரிக்காதேங்கோ. உங்கட பெரியண்ணரும் சித்தப்பாவும் எல்லை வேலியில நட்ட ஒரு கதியால் தடிக்கு எத்தினை வருசம் கதைக்காமல் இருந்தவை?

அப்ப கொள்ளை நோய் வந்தது.

நோய் வந்த ஒழுங்கையெல்லாத்தையும் பட்டணத்துப் பெரியவை அடைச்சினமாம். இந்த ஒழுங்கை வாயிலயும் குறுக்கால ஒரு கயிறு, கயித்துக்கு ஒரு காவல்காரன். உள்ள இருக்கிறவை வீட்டை விட்டு வெளியில வரேலாது. வெளியில இருந்து போனவையும் திரும்பேலாது. போறணை கயித்துக்கு இங்கால, வீடுகள் அங்கால. காலமை காலமை மாடி யன்னலால கூடை இறங்கும். பாண் எடுக்கிற நீளப் பலகையை நீட்டி நுன்சியா கயித்தடி முதல் வீட்டுக் கூடையில பாண் வைப்பா. அவை யன்னலுக்கு யன்னல் மற்றக் கூடைகளுக்குக் கடத்தி விடுவினம். கூடை மேல ஏறினா அந்த வீட்டில உயிர் இருக்கு. ஏறாட்டில், பொழுதுபட வீட்டுக்காரர் செத்திட்டினமெண்டு கதவில ஆணி அடிச்சு, சுண்ணாம்பு கொட்டி, கொளுத்தி விடுவினம். கட்டளை அப்பிடி.

முதல் நாள் காலமை எல்லாக் கூடையும் இறங்கிச்சு. கார்மேலாவின்ர கூடை இறங்கேல்ல. யன்னலும் பூட்டு.

காவல்காரன் சொன்னான், "கடைசி வீடு முடிஞ்சுது."

நுன்சியா சொன்னா, "முடியேல்ல. அவளுக்கு என்னோட கோவம். என்ர பாணைத் தின்னமாட்டாள்."

காவல்காரன் வேற ஊரான். அவனுக்கு விளங்கேல்ல. "சாகிற நேரத்தில ஆரம்மா கோவம் பாக்கிறது?"

"சாகிற நேரத்திலயும் அவள் பாப்பாள். கட்டளை வர முதலே யன்னலைப் பூட்டினவள், அவளுக்கு அது தெரியாது. அத்திப்பழ வத்தலைத் திண்டுகொண்டு இருப்பாள்."

அவன் நம்பேல்ல. அயல் வீட்டுச் சனம் தங்கட யன்னலால கூப்பிட்டுப் பாத்தினம். நுன்சியாதான் ஆள் விட்டுக் கூப்பிடுவிக்கிறாளெண்டு கார்மேலா திறக்கேல்ல. பொழுது சாயுது. சுண்ணாம்பு வண்டி சந்தையடியில வந்து நிக்குது. அப்ப நுன்சியா கையில இருந்த மாவைத் துடைச்சுப்போட்டு, கயித்தைத் தூக்கினா.

"தாண்டினா திரும்பேலாது" எண்டான் காவல்காரன்.

"தெரியும்" எண்டா. தாண்டினா.

கார்மேலாவின்ர யன்னலுக்குக் கீழ போய் நிண்டு, முதல்ல தன்மையாக் கூப்பிட்டாவாம். "கார்மேலா, கூடையை இறக்கு." யன்னல் திறக்கேல்ல. பேந்து கெஞ்சினாவாம். "கார்மேலா, பிழை என்ரதான். போறணைச் சூடு கூடிப்போச்சு." யன்னல் திறக்கேல்ல. அங்கால சுண்ணாம்பு வண்டி உருளுற சத்தம் கேக்குது. நுன்சியா இடுப்பில கையை வைச்சா. வாயைத் திறந்தா.

"அடியே கார்மேலா! பொய் சொன்னனடி. என்ர போறணையில ஒரு பிழையும் இல்லை. உன்ர மாப் புளிச்ச மா. உன்ர அம்மாவின்ர மாவும் புளிச்ச மா. உன்ர மகளும் புளிச்ச மாத்தான் குழைப்பாள்."

படாரெண்டு யன்னல் திறந்துது.

"ஆற்ற அம்மாவையடி கதைக்கிறாய்?" கார்மேலாவின்ர சத்தம் சந்தை வரைக்கும் கேட்டதாம். காவல்காரன் வண்டியைத் திருப்பச் சொன்னான். கார்மேலா ஏசி முடிச்சு மூச்சு வாங்கேக்கை நுன்சியா சொன்னா, "இனிக் கூடையை இறக்கு."

"உன்ர பாண் எனக்கு வேண்டாம்."

"வேண்டாட்டில் எடுத்து எறி. ஆனா இறக்கு. இறக்காட்டில் நாளைக்கு உன்னை உயிரோட கொளுத்துவாங்கள்."

கார்மேலா தலையை உள்ளுக்கு இழுத்தாவாம். பேந்து கூடை இறங்கிச்சு.

நுன்சியா திரும்பேலாதுதானே. ஒழுங்கைக்குள்ள ஒரு வெறும் வீட்டு வாசலில கிடந்தா. போறணையை அவவின்ர தமையன் பாத்தான். காலமை காலமை கூடை இறங்கேக்கை கீழ இருந்து நுன்சியா ஏசுவா, மேல இருந்து கார்மேலா ஏசுவா. போறணை பிழை, மாப் பிழை, போறணை பிழை, மாப் பிழை. காவல்காரன் கயித்தடியில இருந்து கேட்டுக்கொண்டு, இரண்டும் உயிரோட இருக்கு எண்டு சொல்லுவானாம்.

ஒருநாள் காலமை கார்மேலா ஏசினா. கீழ சத்தமில்லை.

"எங்கையடி துலைஞ்சுபோனாய்?" எண்டு கேட்டா. சத்தமில்லை. காவல்காரன் தொப்பியைக் கழட்டினான். கார்மேலாவுக்கு அது மேல இருந்து தெரிஞ்சுது. அதுக்குப் பிறகும் அவ யன்னலைப் பூட்டேல்லையாம். பகல் முழுக்க நிண்டு ஏசினாவாம், தொண்டை அடைக்கும் மட்டும்.

நோய் விட்டுது. கயித்தை எடுத்தாங்கள். கார்மேலா கல்லுக் கொத்துறவனைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த முகத்தை வைப்பிச்சா. "வாயைத் திறந்தபடி கொத்து, மூடினா அவளில்லை" எண்டாவாம். சாகுமட்டும் தன்ர சேவல் மாவை இந்தப் போறணையிலதான் சுட்டா. சுட்டுப்போட்டு, முகத்தை நிமிந்து பாத்து, "உன்ர போறணைதான் பிழை" எண்டு சொல்லிப்போட்டுத்தான் போவா. இரண்டு பேரும் சமாதானமானவையோ எண்டு தூரியின்ர பெண்சாதியைக் கேட்டன். இல்லையாம்.

அதுதான் இது ஏச்சொழுங்கை. வருசத்தில ஒருநாள், நுன்சியா செத்த நாள் எண்டு சொல்லுவினம், எல்லா யன்னலும் திறக்கும். மேல நிக்கிறவை இந்த முகத்தைப் பாத்து ஏசுவினம், கூடையை இறக்குவினம், கீழ நிக்கிறவை பாண் வைப்பினம். அண்டைக்கு ஒரு யன்னல் ஏசாமல் கிடந்தா, எல்லாரும் கைவேலையைப் போட்டிட்டு அந்த வீட்டுப் படி ஏறுவினம்.

ஒருக்கா அந்த நாள் வரேக்கை எனக்கு இதொண்டும் தெரியாது. என்ர மனிசன் செத்த வருசம் அது. யன்னலைப் பூட்டிப்போட்டுப் படுத்துக்கிடந்தனான். இடிச்சாங்கள் பாருங்கோ கதவை, முழு ஒழுங்கையும் படியில நிக்குது, தூரி மீன் வெட்டுற கத்தியோட. நான் கதவைத் திறந்து, அழுது, தமிழில ஏசினன். உடன எல்லாரும் சிரிச்சுக்கொண்டு கீழ இறங்கிச்சினம். ஆரோ என்ர மேசையில ஒரு பாண் வைச்சிட்டுப் போயிருந்தினம்.

இப்ப நானும் வருசா வருசம் ஏசுறன் மச்சாள், தமிழிலதான். நுன்சியாவுக்கு விளங்கும்.