நாலாவது டீ

— அந்தச் சேர்ல உக்காராத மகிமா. ஏலக்காத் தூசி ஒட்டிரும். பேண்டு வெளிநாட்டுல வாங்குனதா இருக்கும்.

— பரவால்ல பிரின்சி, தட்டிக்கிறேன். அது சரி, நீ ஏன் இப்படி வேர்த்துப்போய் நிக்கிற?

— குடோன்ல வேல.

— குடோன்ல பந்து சத்தம் கேட்டுச்சு. நான் கேட்டைத் தள்ளுனதும் நின்னுபோச்சு. எனக்குத் தெரியாத சத்தமா அது?

— கேட்டுச்சுன்னா கேட்டுட்டுப் போ.

— யாருடி பிரின்சி வந்திருக்கிறது? இங்கன என்னமோ சென்ட் வாசம் தூக்குது.

— இவதான் அத்தை மகிமா. நான் சொல்லுவேன்ல, ஒண்ணா ஆடுனோம்னு.

— ஓ. அது இதுதானா.

— வணக்கம் ஆன்ட்டி.

— ஆன்ட்டியாம்ல. என் பேரு பவுனு, ஆத்தா. ஆன்ட்டின்னு சொன்னா வேற யாரையோ கூப்பிடுறாகன்னு நான் பாட்டுக்குப் போயிருவேன். பிரின்சி, டீ எத்தன போடட்டும்?

— நாலு போடுங்க அத்தை.

— நாலா? சரி, நாலுதான்.

— உன் வீட்டுக்காரரும் வந்துருவாரா பிரின்சி? நல்லதாப் போச்சு. அவர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசிடலாம்.

— அவுக ஏலத்துக்குப் போயிருக்காக. எப்ப வருவாகன்னு சொல்ல முடியாது.

— ஆக்சுவலா, இந்தக் கடையில உன்னை இப்படிப் பார்க்க எனக்கு மனசே ஆகலடி. உனக்கு இருந்த கைக்கு, நீ போடியில உக்காந்து ஏலக்கா பொறுக்கிட்டு இருக்க.

— பொறுக்கல, சலிக்கிறேன். பெருசு தனி, நடுத்தரம் தனி, வெடிச்சது தனி. நீ என்ன பண்ணுற? அதே பெங்களூரா?

— அதே பெங்களூர்தான். ஆபீஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா. காலையில பிராக்டிஸ், மதியம் சும்மா ஒரு கையெழுத்து. உலக ரேங்க்ல இப்ப முப்பத்தெட்டு, தெரியும்ல?

— தெரியும். அந்த ஆட்டத்த ஆடுறவுக மொத்தம் எத்தன பேருன்னு சொல்லு, அப்புறம் மலைச்சுக்கிறேன்.

— பொறாமையில பேசாத.

— பால அடுப்புல வச்சிட்டு வந்துட்டேன். எனக்கு ஒரு சந்தேகம் ஆத்தா. நாலு செவுத்துக்குள்ள போயி, கதவையும் சாத்திக்கிட்டு, செவுத்தையே போட்டு அடிக்கிறீக. கூரையில அடிச்சாலும் ஒத்துக்கிறாகளாம்ல. பந்துக்குத் தப்பிக்க வழியே இல்ல, ஆடுறவுகளுக்கும் இல்ல. இதுக்கு வெள்ளைக்காரன் ஊருக்குப் போகணுமா?

— ராக்கெட்பால்னா அப்படித்தான் ஆன்ட்டி. ரொம்ப வேகமான ஆட்டம். கண்ணுக்குக் கண்ணாடி போடாம உள்ளேயே விட மாட்டாங்க.

— ஒனக்கு தேனியில பேனர் வச்சாகளே, பஸ் ஸ்டாண்டு பக்கம். அதுல ஒன் கையில டென்னிஸ் மட்டையில்ல குடுத்திருந்தாக.

— அந்தப் பேனர் அடிச்சவனுக்கு என்ன தெரியும்? இந்த ஊருக்கே என்ன தெரியும்? மெடலோட வந்து எறங்குறேன், ஒருத்தன் வந்து சானியா மாதிரி வருவியாம்மான்னு கேக்குறான்.

— மெடல் எங்க, கொரியாவுலயா?

— ஆமாடி, ஏசியன் வெங்கலம். பார்த்தியா?

— பாத்தேன். அந்தப் போட்டிக்கு அஞ்சு ஜோடிதான் வந்துச்சு. ஒரு ஜோடி காய்ச்சல்னு ரூம்லயே படுத்துருச்சு.

— விடியுறதுக்கு முன்னாடியே எழுந்து பார்த்திருக்க. அதைச் சொல்லு.

— எல்லாத்தையும் பாத்தேன். பொலிவியாவுல கால் இறுதியையும் பாத்தேன். எதுத்து ஆடுன ரெண்டு பேரும் ஆட்டம் முழுக்க ஒன் எடப்பக்க மூலைக்கே சர்வீஸ் போட்டாளுக. நீ பேக்ஹேண்டுல செவுத்தத் தடவிக்கிட்டு நிக்கிற. ஒன் ஜோடி சிம்ரன் வலப்பக்கம் நின்னு, ஏதோ கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்கிறவ மாதிரி பாத்துக்கிட்டு இருக்கா.

— அதுக்குத்தான்டி வந்திருக்கேன்.

— எதுக்கு?

— இரு, ஆன்ட்டிக்கும் புரியுற மாதிரியே சொல்றேன். டபுள்ஸ்ல நாங்க ரெண்டு பேரு ஒரு பக்கம் ஆன்ட்டி. நானும் வலது கை, சிம்ரனும் வலது கை. அப்ப எடப்பக்கச் செவுரு அனாதையாக் கெடக்கும். எதிராளிக்கு அது போதும். பிரின்சி எடது கைக்காரி. இவ எடப்பக்கம் நின்னா ரெண்டு செவுரும் எங்களுக்குத்தான். உலகத்துல பெரிய டீம் எல்லாம் எடது கைக்குத் தவம் கெடக்குறாங்க.

— அந்தக் கையத்தான் நான் வந்த நாளா திட்டிக்கிட்டு இருந்தேன். யாவாரி முன்னாடி எடது கையால ஏலக்கா அள்ளிக் குடுத்தா அவன் மொகத்தத் திருப்பிட்டுப் போறான். வலது கையில குடு, வலது கையில குடுன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டத் தண்ணி வத்திப்போச்சு.

— இப்ப திட்டுறதில்லயே. இந்தா, இந்தத் தண்ணிகூட எடது கையாலதான் எனக்குக் குடுத்தா.

— இப்ப சொல்றதில்ல. அந்தக் கைக்கு இம்புட்டு கிராக்கின்னு போன வாரம் வரைக்கும் எனக்கு ஆரு சொன்னா?

— பாத்தியா பிரின்சி, உன் மாமியாரே ஒத்துக்கிட்டாங்க. மாசக் கடைசியில ட்ரையல்ஸ். ஜெயிச்சா நேரா உலகப் போட்டி. நீயும் நானும் பழைய மாதிரி.

— பழைய மாதிரின்னா எப்படி? நான் பெட்டிய வச்சிக்கிட்டு தேனி பஸ் ஸ்டாண்டுல நிக்கணுமா?

— மறுபடியும் அதையே ஆரம்பிக்காத.

— மறுபடியுமா? நான் இன்னிக்குத்தான ஆரம்பிக்கிறேன். கேட்டுக்க. அம்மா சுட்டுக் குடுத்த முறுக்கு டப்பா ஒரு கையில. விசா ஒட்டுன பாஸ்போர்ட்டு ஒரு கையில. போட்டி கவுதமாலாவுல, அங்கன மரமெல்லாம் நீலமா இருக்கும்னு ஒரு நெனப்பு எனக்கு. பஸ்ஸு வருது, ஏறப் போறேன். போனப் பாத்தா நீ ஏர்போர்ட்டுல அந்த சிம்ரன் தோள்ல கையப் போட்டு ஸ்டேட்டஸ் வச்சிருக்க. “நியூ பார்ட்னர்”னு.

— அது ஸ்பான்சர் எடுத்த முடிவு. அவ அப்பா கம்பெனிதான் டிக்கெட் போட்டுச்சு. நான் என்ன பண்ண முடியும்?

— என் போன எடுக்காம இருந்தது யாரு, ஸ்பான்சரா?

— உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவ்வளவுதான்.

— நம்ம லிங்கேஸ்வரன் சார் பழைய ஜின்னிங் மில்லு குடோனைக் கூட்டிப் பெருக்கி நமக்குக் கோர்ட்டு ஆக்குனாக. பஞ்சு மூக்குல ஏறி தும்மிக்கிட்டே ஆடுனோம். அவுக என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக. “பஸ்ஸ விட்டுட்டியாம்மா”ன்னு. அவுககிட்ட நீ அப்படித்தான் சொல்லியிருந்த.

— சரி, தப்புத்தான். போதுமா? இப்ப நானே தேடி வந்திருக்கேன்ல. இவ்வளவு தூரம், இந்தத் தூசிக்குள்ள.

— பெரிய உபகாரம்.

— நீங்க பேசிக்கிட்டு இருங்கத்தா. பால் பொங்குதான்னு பாக்குறேன்.

— பிரின்சி, இங்க பாரு. அவங்க உள்ள போயிட்டாங்க, உண்மையைச் சொல்றேன். சிம்ரன் இந்த வருஷம் ஆடல. இடுப்பு வலியாம், டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிட்டாராம். சிங்கிள்ஸ்ல நான் தேற மாட்டேன், முட்டி போயிருச்சு. டபுள்ஸ்தான் இருக்கு. இந்தத் தடவை டீம்ல என் பேரு வரலைன்னா ஆபீஸ்ல என்னைக் கவுண்டர்ல உக்கார வச்சிடுவாங்க. காலையில பத்து மணியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஜனங்களுக்குப் பதில் சொல்லணும்.

— நான் தெனமும் சொல்றேனே. செத்தா போயிட்டேன்?

— நீயும் நானும் ஒண்ணாடி?

— இல்லதான். நீ முப்பத்தெட்டு.

— இப்படிக் குத்திக்கிட்டே இருந்தா எப்படி? உன் பாஸ்போர்ட் வேற காலாவதி ஆயிருக்கும். அதுக்கும் ஓடணும்.

— புதுப்பிச்சாச்சு.

— எப்ப?

— எப்பவோ. சும்மா கெடந்துச்சுன்னு.

— சும்மா ஒருத்தி பாஸ்போர்ட் புதுப்பிப்பாளாக்கும். எனக்கு இங்க உக்காந்தே தெரியுதுடி. குடோன் கதவு தெறந்துதான் கெடக்கு. செவுரு பூரா நீல நீலமா பந்துத் தடம். எடப்பக்கம் மட்டுமில்ல, வலப்பக்கமும் இருக்கு. ரெண்டு பேரு ஆடுற மாதிரி ஆடியிருக்க. வலப்பக்கத்துல எனக்கு எடம் விட்டே ஆடியிருக்க.

— நெனப்பப் பாரு.

— இல்லைன்னு சொல்லு பாப்போம். இத்தனை வருஷமா நீ எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்த. வாய்தான் உனக்கு.

— அந்தச் செவுத்துக்குப் போன மாசந்தான் வெள்ளையடிச்சோம் ஆத்தா. அதுக்குள்ள இம்புட்டு அலங்கோலம். நான் ஒண்ணும் சொல்லல. இந்தா, டீ. ஒனக்குச் சீனி கம்மியா?

— சீனியே வேண்டாம் ஆன்ட்டி, டயட்.

— போட்டாச்சு. குடி, ஒண்ணும் ஆகாது.

— சொல்லு பிரின்சி. வர்றியா, இல்லையா?

— ஏமாத்துறவகூட ஜோடி சேந்து ஆடுறதுல ஒரு வசதி இருக்கு மகிமா. நம்புறதுக்கு ஒண்ணும் இல்ல. அவ பந்தப் பாப்பா, நானும் பந்த மட்டும் பாப்பேன். போன தடவ நான் ஒன் மூஞ்சியவும் பாத்துக்கிட்டு ஆடுனேன், அதான் தோத்தேன்.

— அப்ப வர்ற.

— ட்ரையல்ஸுக்குக் கண்டிப்பா வாரேன்.

— எனக்குத் தெரியும். தெரியும்டி எனக்கு. ஆன்ட்டி, உங்க மருமக ஒத்துக்கிட்டா.

— அவ ஒத்துக்கிட்டது எனக்கும் தெரியும். ஒரு வாரமாத் தெரியும்.

— ஒரு வாரமாவா? நான் வருவேன்னு இவ முன்னாடியே நெனச்சிருக்கா, பாருங்க.

— ஒண்ணே ஒண்ணு மகிமா. இடுப்பு வலி சரியாயிருச்சுன்னு அந்த சிம்ரன் நாளைக்கு ஒங்கிட்ட வந்து நின்னா?

— வரமாட்டா. வந்தாலும் சேக்க மாட்டேன். அவ என்ன பெரிய ஆளா? அப்பா காசுல மட்டை புடிச்சவ. அவளால நான் எத்தனை ஆட்டம் தோத்திருக்கேன் தெரியுமா? நீ இப்பச் சொன்னியே பொலிவியா, அது முழுக்க அவளாலதான்.

— அவகிட்டச் சொல்லிட்டியா இத?

— சொல்லணும்.

— எப்ப? ஏர்போர்ட்டுக்குப் போனப்புறமா?

— உனக்கு நம்பிக்கை இல்ல. சரி, இப்பவே சொல்றேன். உன் முன்னாடியே, ஸ்பீக்கர்ல போட்டே. எனக்கு எடது கைக்காரி கெடச்சிட்டா, இனி நீ வேண்டாம்னு. போதுமா?

— போடு.

— அவ்வளவு தைரியமா சொல்ற.

— போடு மகிமா. எனக்கும் அதக் கேக்கணும்.

— இந்தா, போட்டாச்சு. ரிங் போகுது பாரு.

— போகுது.

— இரு. உள்ள யாரோட போன் அடிக்குது?

— எங்க?

— குடோன்ல. பிரின்சி, குடோன்ல ஒரு போன் அடிக்குது.

— ஏ சிம்ரன், அந்தப் போன எடுக்காத தாயி. ஒன் பழைய ஜோடி இங்கன நேர்லயே வந்து உக்காந்திருக்கு. ஒனக்குப் போட்ட நாலாவது டீ ஆறுறதுக்குள்ள வந்து என்னன்னு கேட்டுட்டுப் போ.