மூன்று கோப்பைகளிலும் ஒரே சிரா

அடுத்த வீட்டு விவகாரம் எனக்கெதற்கு என்று இருப்பவள் நான், ஐயா. எங்கள் கட்டடத்துச் சுவர்கள் மெல்லியவை, என் காதுகள் நல்லவை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

எதிர்வீட்டுக்காரரை எல்லோரும் மூக்குக்காரர் என்பார்கள். ஒயினை முகர்ந்து, ருசித்து, மதிப்பெண் போடுவது அவர் தொழில். அவர் ருசி பார்க்க வரும் கூடத்தில் ஒயினை ஊற்றித் தருவதும் கோப்பை கழுவுவதும் என் வேலை.

போன வருடப் போட்டிக்கு என் தம்பி தன் திராட்சைத் தோட்டத்துச் சிரா ஒயினை முதன்முதலாகக் கொண்டுவந்தான். மூக்குக்காரர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார், முகம் சுளித்தார், "வினிகர்" என்று ஒரே சொல்லில் முடித்தார். கூடமே சிரித்தது. வாங்குவதாக இருந்தவர்கள் நழுவிவிட்டார்கள். தம்பி ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் பீப்பாய்க் கொட்டகையில் அவனைக் கயிற்றிலிருந்து இறக்கினோம்.

அப்போதும் நான் மூக்குக்காரர் மேல் கோபப்படவில்லை. தொழில் தெரிந்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் வெளியூர் போனால் பூனைக்குப் பால் வைத்ததும் நான்தான். அவர் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது.

சென்ற மாதம் ஒரு பத்திரிகைக்காக மூன்று நிலத்துச் சிராக்களை ஒப்பிட்டு எழுத வந்தார். எது எந்த ஊருடையது என்று தெரியாதபடி பாட்டில்களுக்குத் துணியுறை போட்டு ஊற்றித் தருவது வழக்கம். நான் ஊற்றும் நேரம் பார்த்து வரவேற்பறைப் பெண், மேலாளரின் கொழுந்தியாளைப் பற்றிப் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் விடக்கூடிய சங்கதி அல்ல. கவனம் அங்கே போனதில் மூன்று கோப்பைகளிலும் ஒரே பாட்டிலை ஊற்றிவிட்டேன்.

முதல் கோப்பையில் அவர் மிளகைக் கண்டார்: குளிர்ந்த மலைச்சரிவாம். இரண்டாவதில் பழப்பாகு: வெயில் காயும் சமவெளியாம். மூன்றாவதில் புகையும் ஆலிவும்: கல் நிறைந்த ஆற்றங்கரையாம். மூன்றில் அதுதான் உயர்ந்தது என்று குறித்தும் கொண்டார்.

மூடி திறக்காத மற்ற இரண்டு பாட்டில்களையும் தூக்கிக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"அக்கா, வெளிய சொல்லிடாதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சில்ல, அதுலேர்ந்து எந்த வாசனையும் தெரியறதில்ல. நிறத்தப் பாத்து, பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சியப் பாத்து ஓட்டிட்டிருக்கேன்."

"அப்ப என் தம்பியோடது?"

"அது யாரோடதுன்னே அன்னிக்கு எனக்குத் தெரியாதுக்கா. கொஞ்சம் கலங்கலா இருந்துச்சு. எல்லாமே நல்லாருக்குன்னா சந்தேகம் வந்துடுமே. ஒண்ணையாவது தள்ளணும்ல."

"சரி விடுங்க. என் வாயிலேர்ந்து போகாது," என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை மட்டும் நம்ப மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் வீட்டைத் திறந்தேன். ஜன்னல்களைச் சாத்தினேன். கேஸ் அடுப்பைத் திருகிவிட்டேன், பற்றவைக்கவில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டேன். கீழ்வீட்டுத் தையற்காரியையும் டீ குடிக்கலாம் வா என்று தெருமுனைக்குக் கூட்டிப்போனேன். நான் ஈவு இரக்கம் இல்லாதவள் அல்ல. மூக்குக்காரர் நான்கு மணிக்கு வருவார். வந்ததும் சிகரெட் பற்றவைப்பார். மூக்கு வேலை செய்கிற எவனும் வாசலிலேயே திரும்பி ஓடியிருப்பான். சத்தம் கேட்டபோது என் கோப்பையில் பாதி டீ மிச்சமிருந்தது. குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆமாம், அவரைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

என் அலமாரியிலிருந்து நீங்கள் எடுத்துவந்திருக்கும் பாட்டில் தம்பியுடையதுதான். போட்டிக்கு வந்ததில் திறக்காமல் மிஞ்சியது. திறந்திருக்கிறதே என்கிறீர்கள். அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள், திங்கட்கிழமை நான்தான் திறந்தேன், அவன் நினைவாக ஒரு வாய் குடிக்கலாம் என்று. இருபத்திரண்டு வருடங்களாக ஒயின் ஊற்றுகிறவள்; எது எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியும். குப்பென்று வினிகர் நெடிதான் அடித்தது.

அன்றைக்கு எனக்குச் சளி பிடித்திருக்க வேண்டும்.